முருங்கை காய்க்க வேண்டுமானால் கொறங்காட்டை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வியின் சுருக்கம் இது: மூலனூர் பக்கம் 5 ஏக்கர் கொறங்காடு (மரமும் புல்லுமாக மேய்ச்சலுக்கு விட்ட வேலியடைத்த காடு), அதை ஒட்டி 3 ஏக்கர் முருங்கை. காட்டில் வெள்வேலும் வேம்பும், நடுநடுவே சீமைக்கருவேல், சுற்றிலும் பழைய கிளுவை வேலி, ஆங்காங்கே பட்டுப்போன மரங்கள், புதர். முருங்கையில் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, காய் தங்குவதில்லை. "பொக்லைன் விட்டுக் காட்டைச் சுத்தம் செய்து, தேக்கும் மகோகனியும் பூமரங்களும் வரிசையாக நட்டு, பத்து தேன்பெட்டி வைத்துவிட்டால் மகரந்தச் சேர்க்கை கூடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பொக்லைனை வரவழைக்காதீர்கள். நீங்கள் அழுக்கென்று நினைக்கிற பட்டமரம், புதர், புல் முளைக்காத வெறுந்தரை, வேலியில் ஏறிய கொடி ஆகியவைதான் உங்கள் முருங்கைக்கு வேலை செய்கிற பூச்சிகளின் வீடு. அவற்றைக் காப்பாற்றுவது முதல் வேலை. புதிதாக நடுவது இரண்டாவது. தேன்பெட்டி அதற்கும் பின்னால்தான்.

அதற்கு முன்னால், உங்கள் தோட்டத்தில் குறை மகரந்தச் சேர்க்கையில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முருங்கை தன் பூவில் பெரும்பகுதியை உதிர்க்கிற மரம். பூக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறுமாறாகப் பாய்ந்தாலும், கடும் வெயில் அடித்தாலும், தழைச்சத்து அதிகமாகிக் கொழுத்தாலும் பூ கொட்டும். மொட்டுப்புழு துளைத்தாலும் மொட்டிலேயே விழும். கீழே விழுந்த மொட்டுகளைப் பிரித்துப் பாருங்கள், புழு இருந்தால் அது வேறு கதை. புழு இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். நாலைந்து மரங்களில் சில கொத்துகளுக்கு நூல் கட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில், வேறொரு மரத்தின் பூவைப் பறித்து வந்து, அதன் மகரந்தத்தை அந்தக் கொத்துப் பூக்களின் சூல்முடியில் (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கிற முனை) மெல்லத் தொட்டுத் தடவுங்கள். அதே மரத்தில் தொடாத கொத்துகளுக்கு வேறு நிறத்தில் நூல் கட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிஞ்சு பார்த்தால் தெரிந்துவிடும். தொட்ட கொத்தில் தெளிவாக அதிகம் நின்றால், உங்களுக்குத் தேவை பூச்சிதான். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் தண்ணீரையும் உரத்தையும் பாருங்கள். அப்போது காட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி கருவண்டு பற்றி. முருங்கைக்கு மிக நல்ல வேலைக்காரர் அதுதான், நிறையப் பேர் தேனீ என்றே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டைவிரல் தடிமனில், கருப்பாக, நீல மினுப்போடு, பெரிய சத்தம் போட்டுக்கொண்டு வருமே, அது தனித்து வாழும் தேனீ வகை. தச்சுத் தேனீ என்று எழுதுவார்கள். முருங்கைப் பூவில் சிறு தேனீ உட்கார்ந்தால் பல நேரம் சூல்முடியைத் தொடாமலேயே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். கருவண்டின் கனத்த உடம்பு மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒருசேர உரசும். அதோடு ஒரே மரத்தில் சுற்றாமல் மரம் விட்டு மரம் தாவும். முருங்கையில் வேறு மரத்து மகரந்தம் பட்டால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இந்தத் தாவல் பெரிய விஷயம்.

அந்தக் கருவண்டு எங்கே வாழ்கிறது? காய்ந்த கட்டையில். பெண் வண்டு தன் தாடையால் பட்ட மரத்தில் ஒரு சுண்டுவிரல் போகிற அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, உள்ளே சுரங்கம் குடையும். மகரந்தத்தைத் தேனில் பிசைந்து உருண்டையாக வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் கட்டும். அடுத்து இன்னொரு உருண்டை, இன்னொரு முட்டை. ஒரு சுரங்கத்தில் ஒரு சில பிள்ளைகள்தான். பெட்டித் தேனீ மாதிரி ஆயிரக்கணக்கில் பெருகாது. அதனால்தான் ஒரு பட்டமரத்தை வெட்டி விறகுக்கு ஏற்றினால் போகிற சேதம் சீக்கிரம் ஈடாகாது. ஒரே கட்டையை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற வழக்கமும் அதற்கு உண்டு.

ஆகவே உங்கள் காட்டில் நிற்கிற பட்டமரங்களை நிற்கவிடுங்கள். பாதையில் சாயும்போலிருந்தால், ஆளுயரத்தில் வெட்டி அடிமரத்தை மட்டும் விடுங்கள். வெட்டிய கட்டையை நாலைந்து துண்டாக்கி, முருங்கைப் பக்க ஓரத்தில், மழைத்தண்ணீர் தேங்காத இடத்தில், இரண்டு கல் மேல் கிடத்துங்கள். முருங்கை, கல்யாணமுருங்கை மாதிரி மென்மையான கட்டை நன்றாகக் காய்ந்தால் வண்டு விரும்பிக் குடையும். வெள்வேலும் வேம்பும் கடினம்தான், ஆனால் அவற்றில் வேறு வண்டுகளின் புழு குடைந்த ஓட்டைகள் இருக்கும். அந்தப் பழைய ஓட்டையில் இலைவெட்டித் தேனீ குடி வரும். ரோஜாவிலும் துவரையிலும் இலையோரத்தை வட்டமாகக் கத்தரித்தது போல வெட்டிக்கொண்டு போவது அதுதான். பயந்து மருந்து அடிக்காதீர்கள், செடிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. மூங்கில் துண்டுகளைக் கணுவோடு அறுத்து, கட்டாகக் கட்டி, மர நிழலில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டால் அதிலும் வரும். இதற்குப் பணம் ஒன்றும் ஆகாது, எறியாமல் இருந்தாலே போதும்.

கருவண்டு வீட்டு உத்தரத்தைக் குடைகிறதே என்று கேட்பீர்கள். காய்ந்த கட்டை எங்கே கிடைத்தாலும் குடைவது அதன் வழக்கம். அதன் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும், நாம் கையில் பிடித்து நசுக்கினால்தான் பெரும்பாலும் கொட்டும்.

அடுத்தது தரை. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, மண்ணில் துளை போட்டுத் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. நம் மேட்டுக்காடுகளில் நீலப்பட்டைத் தேனீ அப்படித்தான். வயிற்றில் நீலமும் கருப்புமாக வரி போட்டிருக்கும், ஒரு பூவில் நிற்காமல் விர்விர்ரென்று பறக்கும். மாடு நடந்து இறுகிய தடம், பொழியின் (வயல் வரப்பின்) சரிவு, இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை) ஓரத்து மண்சுவர், வெயில் விழுகிற புல்லற்ற திட்டு ஆகியவை அவற்றுக்கு ஊர். கொறங்காடு பொதுவாக உழாமல் கிடப்பதால் அந்தக் குடித்தனம் கலையாமல் இருக்கிறது. பொக்லைன் ஒருமுறை புரட்டினால் மண்ணுக்கடியில் இருக்கிற அடுத்த வருடத்துத் தலைமுறை முழுக்கப் போய்விடும்.

இந்த நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் ஒரு வேலை தெரிந்தவை, பெட்டித் தேனீக்கு அது தெரியாது. கத்தரி, தக்காளி, ஆவாரை ஆகியவற்றின் மகரந்தப் பை முழுக்கத் திறக்காது. நுனியில் சிறு துளையோ கீறலோதான் இருக்கும். இந்தத் தேனீக்கள் பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். காலையில் ஆவாரம் புதர் பக்கம் நின்றால் 'ஜ்ஜீ' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும், அதுதான். ஆவாரம் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதனால் இந்த வித்தை தெரிந்தவைக்கே அது பந்தி. பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூ ஒடிக்கிறோம், மிச்ச நாளில் அதை மறந்துவிடுகிறோம். கத்தரித் தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் பொழியில் நாலு ஆவாரஞ்செடி இருப்பது லாபம் என்பேன். ஆடு மாடு அதை அவ்வளவாகக் கடிக்காது, தண்ணீர் கேட்காது.

இப்போது பூக்களின் கணக்கு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பூமரம் என்றதும் ஒரே பருவத்தில் பூத்துக் குலுங்குகிறவற்றை வாங்கி நட்டுவிடுவார்கள். பூச்சிக்கு வேண்டியது வருடம் முழுக்கச் சோறு. ஒரு மாதம் விருந்து, இரண்டு மாதம் பட்டினி என்றால் அது தங்காது.

கொறங்காட்டு மரங்களை வைத்துப் பார்த்தால் பங்குனி, சித்திரை, வைகாசியில் பஞ்சமில்லை. புங்கன், வேம்பு, உசில், சரக்கொன்றை எல்லாம் அந்த வெயிலில்தான் பூக்கும். அதன் பின்னால் புளி. மழைக்காலத்தை ஒட்டி வெள்வேலும் இலந்தையும் பூக்கும். வெள்வேல் பூவில் முக்கியமாகக் கிடைப்பது மகரந்தம், அது குஞ்சுக்கான தீனி. ஐப்பசி மழை விழுந்ததும் தரை பூக்கத் தொடங்கும். தும்பை, நெருஞ்சி, கிலுகிலுப்பை, காட்டுத் துளசி எல்லாம் மார்கழி, தை வரைக்கும் ஓடும்.

ஓட்டை விழுவது இரண்டு இடத்தில். ஒன்று மழை ஈரம் காய்ந்து வேம்பு பூக்கும் வரையுள்ள மாசி. அந்த நேரத்தில் முருங்கை பூத்தால் அது பூச்சிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. இரண்டாவது ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்று நம் பக்கம் வந்து சேரும்போது மரத்தைச் சாய்க்கிற வேகத்தில் இருக்கும். மழை இருக்காது, தரை காய்ந்து கிடக்கும், காற்று பலமாக வீசும்போது தேனீக்கள் வெளியே வருவது வெகுவாகக் குறைந்துவிடும்.

அந்த இடைவெளிக்கு நொச்சியும் எருக்கும் ஆவாரையும் கைகொடுக்கும். நொச்சியைக் குச்சி வெட்டி ஊன்றினாலே பிடிக்கும், ஆடு கடிக்காது, மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும், எல்லா வகைத் தேனீயும் அதில் மேயும். மேற்குப் பக்கப் பொழியில் நொச்சியை நெருக்கமாக ஊன்றினால் காற்றுத் தடுப்பாகவும் ஆகும். அதன் கிழக்கே காற்று தணிந்த மறைவில், ஆடி மாதத்திலும் பூச்சிகள் வேலை செய்வதைப் பார்க்கலாம். எருக்கு வருடம் முழுக்கப் பூக்கும். அதன் பூவை முறையாகச் சேர்க்கை செய்வதே கருவண்டுதான். முருங்கை பூக்காத மாதங்களில் கருவண்டு உங்கள் நிலத்தை விட்டுப் போகாமல் இருக்க எருக்குப் போல ஒரு செடி கிடையாது. கண்ட இடத்தில் வெட்டி எறிகிற எருக்கை வேலியோரத்தில் பத்துப் பதினைந்து விட்டுவையுங்கள்.

தேக்கு, மகோகனி பற்றிக் கேட்டீர்கள். தேக்குப் பூவுக்கும் தேனீ வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே இன மரத்தை ஒரே வயதில் நெருக்கி வைத்தால் சில வருடத்தில் நிழல் அடைத்துவிடும். பெரிய இலை உதிர்ந்து தரையை மூடும், கீழே ஒரு தும்பை கூட முளைக்காது. பிறகு மொத்தமாக வெட்டுவீர்கள், அன்றைக்கு எல்லாம் ஒரே நாளில் போகும். மரம் வேண்டுமென்றால் கிணற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வையுங்கள். கொறங்காட்டின் நடுவில் வேண்டாம்.

பூச்சிக்கு ஏற்ற காடு என்பது இருண்ட காடு இல்லை. நடுப்பகலில் தரையில் பாதிக்குப் பாதியாவது வெயில் விழ வேண்டும். நம் முன்னோர் கொறங்காட்டை அப்படித்தான் வைத்திருந்தார்கள். மேலே சன்னமான இலையோடு வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முட்கிளுவை வேலி. மாட்டுக்காக அமைத்தது, பூச்சிக்கும் பொருந்திப் போயிற்று. காங்கேயம் மாடும் மயிலம்பாடிச் செம்மறியும் மேய்ந்து வளர்ந்த இந்தக் காடுகள் இன்றைக்கு வீட்டுமனையாகவும் சூரிய மின்தகடு வயலாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. உங்களிடம் 5 ஏக்கர் இன்னும் இருப்பதே பெரிய சொத்து.

சீமைக்கருவேல் விஷயத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். அதன் பூவில் தேனும் உண்டு, மகரந்தமும் உண்டு. தேனீ வளர்ப்பவர்கள் அதை நம்பியே சில மாதங்களை ஓட்டுகிறார்கள். ஆனால் அது அடர்ந்தால் கொழுக்கட்டைப் புல்லும் இல்லை, தரைப்பூவும் இல்லை, வெள்வேல் கன்றும் இல்லை. ஆகவே எடுக்கத்தான் வேண்டும், ஒரே வருடத்தில் அல்ல. காட்டை மூன்று கட்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கட்டில் எடுங்கள். எடுத்த இடத்தில் இலந்தை, உசில், புங்கன், வேம்பு பிடித்து வந்த பிறகு அடுத்த கட்டுக்குப் போங்கள். மேலே வெட்டினால் முன்னைவிடப் புதராகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது அடிவேர்க்கட்டையோடு ஆள் வைத்துத் தோண்டுவதுதான் வழி. தமிழ்நாடு அரசும் 2022-ல் அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. எடுப்பதோடு நிறுத்தாமல் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள், அந்த இரண்டாவது பாதிதான் பல இடங்களில் விட்டுப்போகிறது. உண்ணிச்செடிக்கும் இதே முறை. பட்டாம்பூச்சி அதில் உட்காருகிறதே என்று விட்டால் காடே அதுவாகிவிடும்.

மேய்ச்சலை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாடு மேயாத கொறங்காடு சில வருடத்தில் முள்ளும் புதருமாக மூடிவிடும். தேவை முறை வைத்து மேய்ப்பது. மூன்று கட்டில் ஒன்றை ஐப்பசி மழை தொடங்கியதும் அடைத்துவிடுங்கள். தரைப்பூக்கள் பூத்து, விதை உதிர்ந்து, தை முடிந்த பிறகு திறந்துவிடுங்கள். அடுத்த வருடம் வேறு கட்டு. அடைத்த கட்டில் புல்லும் விதை போடும், அது மாட்டுக்கே லாபம். வெள்ளாடு மட்டும் கொஞ்சம் கவனம். அது முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கன்றையும் கொடியையும் மொட்டையடிக்கும். கன்று வைத்த கட்டில் இரண்டு மூன்று வருடம் விடவே கூடாது.

கோடையில் சருகைக் கூட்டித் தீ வைக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். சருகுக்குள் பட்டாம்பூச்சிக் கூட்டுப்புழு இருக்கும். புல் தூரில் சிறு தேனீ இருக்கும். பட்டக்கட்டைக்குள் கருவண்டின் பிள்ளைகள் இருக்கும். மூன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கிளுவை வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் உங்கள் நிலத்தின் மிக மதிப்புள்ள பகுதி அதுதான். இப்போது எல்லாரும் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை போடுகிறார்கள். கல்லுக்கால் நட்டால் எல்லை சுத்தமாகத் தெரிகிறது, வருடா வருடம் கவாத்து வேலை இல்லை, நியாயம்தான். ஆனால் ஒரு பழைய கிளுவை வேலியை நடந்து பாருங்கள். பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி, முடக்கத்தான், சங்குப்பூ, முசுட்டை என்று எத்தனை கொடி ஏறியிருக்கிறது. பிரண்டைப் பூ நம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிது, அதில் மொய்க்கிற ஈயும் குளவியும் தேனீயும் கொஞ்சமல்ல. கொம்புத் தேனீ உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடையை இந்த வேலிக்குள்தான் கட்டும். எறும்பு வராமல் இருக்க அடைக்கு இரண்டு பக்கமும் குச்சியில் பிசின் பூசிக் காவல் போடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி ஒரு தோட்டத்துப் பூச்சியை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாதை. கொசுத்தேனீ மாதிரிச் சிறியவை கூட்டிலிருந்து சில நூறு மீட்டர்தான் போகும். வழியில் பூ இருந்தால்தான் தலைமுறை தலைமுறையாக அடுத்த இடத்துக்கு நகரும்.

இரவிலும் அந்த வேலியில் வேலை நடக்கிறது. புடலை, சுரை, பீர்க்கு மூன்றும் பொழுது சாய்ந்த பிறகு பூ விரிப்பவை. வெளிர்நிறப் பூவைத் தேடி அந்துப்பூச்சி வரும். அதன் புழுக்கள் வளர்வது இந்த வேலிக்கொடிகளிலும் காட்டுச் செடிகளிலும்தான். பந்தல் போட்டவர்கள் இரவெல்லாம் பெரிய விளக்கு எரியவிட்டால் அந்துப்பூச்சி விளக்கைச் சுற்றியே செத்துப்போகும், பூ காத்திருக்கும்.

பட்டாம்பூச்சியால் முருங்கைக்குப் பெரிய லாபம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் எருக்கை விட்டுவைத்தால் வெந்தய வரியன் வரும், ஆவாரையில் கொன்னை வெள்ளையன் முட்டையிடும், தரையில் ஆடுதின்னாப்பாளை இருந்தால் சிவப்புடல் அழகி வரும். வருடத்தில் இரண்டு பருவம் நீல வரியன்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே கொங்குச் சமவெளியைக் கடந்து கூட்டம் கூட்டமாகப் போகின்றன. வழியில் தேன் குடிக்க அவற்றுக்கு இடம் வேண்டும். பயிர்க்கணக்கில் வராத இந்தக் காரணத்துக்காகவே கூட ஒரு வேலியை வைத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

தேன்பெட்டிக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. பொந்துத் தேனீ என்கிற நம் அடுக்குத் தேனீயை இரண்டு மூன்று பெட்டி வைத்தால் முருங்கைக்கும், எள்ளு, சூரியகாந்தி, கொத்தமல்லி போட்டால் அதற்கும் நல்லதே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை கோவையில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறது, போய்ப் பாருங்கள். ஆனால் பெட்டி காட்டுக்கு மாற்று ஆகாது. 1991-92-ல் தென்னிந்தியாவில் தாய்லாந்து சாக்குப் புழு நோய் என்ற வைரஸ் நோய் பரவி அடுக்குத் தேனீக் குடும்பங்களில் மிகப்பெரும் பகுதி அழிந்தது. அதன் பிறகுதான் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் இங்கே பெருகின. ஒரே இனத்தை நம்பியிருந்தால் ஒரு நோய் போதும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. காட்டில் கருவண்டு, நீலப்பட்டை, கொம்புத் தேனீ, கொசுத்தேனீ, மலைத்தேனீ எல்லாம் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். பூ குறைவான ஆனி, ஆடியில் பத்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், இருக்கிற கொஞ்சத் தேனையும் அவை உறிஞ்சிவிடும், காட்டுத் தேனீ பட்டினி கிடக்கும். எனவே எண்ணிக்கை குறைவாக, பூ நிறைந்த பருவத்தில் மட்டும்.

கொசுத்தேனீ சுவர் இடுக்கிலோ மரப்பொந்திலோ இருந்தால் கலைக்காதீர்கள். பொந்துள்ள கிழட்டு வேம்பும் புளியும் அதற்கும் அடுக்குத் தேனீக்கும் வீடு. சிமெண்ட் வைத்துப் பொந்தை அடைப்பதை நிறையத் தோட்டங்களில் பார்க்கிறேன், அதைச் செய்யாதீர்கள். மாட்டுத் தொட்டி ஓரத்தில் ஒரு ஆழமில்லாத தாம்பாளத்தில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிவையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அது எவ்வளவு தேவை என்று வருகிற கூட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு முருங்கையில் காலை நேரத்தில் மருந்து அடித்தால் எல்லாம் வீண். முருங்கைப் பூ விடியலுக்கு முன்பே விரியத் தொடங்கும், கருவண்டு முதல் வெளிச்சத்திலேயே வந்துவிடும். அடித்தே ஆக வேண்டுமானால் பொழுது இறங்கிய பின் அடியுங்கள், பூப் பருவத்தில் முடிந்தவரை தவிருங்கள். இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சாம் இரண்டும் செடியின் சாற்றில் கலந்து தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தவே தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். வேப்பெண்ணெய்க் கரைசல் ஆனாலும் மாலையில்தான். முருங்கைக்கும் காட்டுக்கும் நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டையை மருந்து படாமல் ஒதுக்கி, ஆவாரையும் நொச்சியும் அங்கே இருக்கட்டும். மொட்டுப்புழுவுக்கு மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவை வெயிலில் காட்டுவது நல்ல முறை, ஆனால் அதை முருங்கை வயலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொழியிலும் காட்டிலும் மண்ணைத் தொடாதீர்கள்.

இந்த வருடம் எங்கே தொடங்குவது? புரட்டாசிக்குள் பட்டக்கட்டைகளை ஒதுக்கி வைத்து, மூன்று கட்டு எல்லையைக் குறித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் மேற்குப் பொழியில் நொச்சிக் குச்சி, வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து (ஊன்றுகிற கிளை), முதல் கட்டில் சீமைக்கருவேல் தோண்டல். ஆவாரை விதையைத் தூவினால் போதும், தோல் கடினம் என்பதால் இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்துத் தூவுங்கள்.

முருங்கை பூக்கும் பருவத்தில், காட்டோரத்து மரம் ஒன்று, எதிர்முனையில் ஒன்று என்று இரண்டைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு காலையில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்று எத்தனை கருவண்டு வருகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். முதல் வருடம் பெரிதாக மாறாது. கட்டையில் குடியேறி, பிள்ளை பெருகி, எதிர்முனை மரத்துக்கும் எண்ணிக்கை ஏற இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். காட்டோரத்தில் அதிகமாகவும் எதிர்முனையில் குறைவாகவும் இருந்துகொண்டே இருந்தால், முருங்கைக்கு நடுவிலும் ஒரு வரிசைப் பொழியை விட்டு, எருக்கும் ஆவாரையும் இரண்டு காய்ந்த கட்டையும் அங்கே வையுங்கள். இரண்டு பக்கமும் வண்டு நிறைய வந்து, அப்போதும் பிஞ்சு நிற்காவிட்டால், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.